ஆற்று வெள்ளம், ஷீட் கூரை, தாமதித்த பேச்சு: குடியாத்தத்தில் ஒரு குழந்தை – நிகழ்வு ஆய்வு

குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய பெயர், தெரு, மையத்தின் எண் ஆகியவை இதில் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், குழந்தை வளர்ச்சி பார்க்கும் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

பின்னணி

பெண் குழந்தை, 2021 ஜனவரியில் பிறந்தவள். 38 வாரத்தில் சுகப் பிரசவம். பிறப்பு எடை 2.4 கிலோ, அதாவது எடை குறைவு என்று குறிக்கும் 2.5 கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஆறு வயதில் ஓர் அண்ணன். அப்பாவுக்குக் கட்டட வேலை; மழை பெய்தால் வேலை இல்லை. அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் 2020 கோடையில் கழிந்தன. அப்போதும் பீடி வேலை நிற்கவில்லை.

2021 நவம்பர் மூன்றாம் வாரத்தில் மோர்தானா அணை நிரம்பி வழிய, கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆற்றோரத்தில் இருந்த இவர்களுடைய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். குழந்தைக்கு அப்போது பத்து மாதம். பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த முகாமில் பதினொரு நாள் இருந்தார்கள். ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் தங்கியதால் தாய்ப்பால் கொடுக்க மறைவில்லை. யாரோ கொடுத்த பால் பவுடரும் புட்டியும் அங்கேதான் முதன்முதலாகக் குழந்தையின் கைக்கு வந்தன. புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்க வழி இல்லை. முகாமை விட்டு வந்த இரண்டாவது வாரத்தில் முதல் வயிற்றுப்போக்கு. அடுத்த ஒன்றரை ஆண்டில் அம்மா நினைவிலிருந்து சொன்ன கணக்கு ஏழு தடவை. அவற்றில் இரண்டு தடவை சொட்டு நீர் ஏற்ற வேண்டியிருந்தது.

பழைய வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. ஒரே அறை, சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு கதவு, ஒரு சன்னல் கொண்ட வாடகை வீட்டுக்குப் போனார்கள். 2022, 2023 ஆகிய இரண்டு கோடைகளையும் குழந்தை அந்த அறையில்தான் கழித்தாள். 2023 ஜூனில் அங்கன்வாடியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் கழித்து, "இந்தப் பாப்பா பேசவே மாட்டேங்குது" என்று பணியாளர் எழுதி வைத்த குறிப்பிலிருந்து இந்த நிகழ்வு தொடங்குகிறது.

முதல் பரிசோதனை: 30 மாதம், ஜூலை 2023

எடை 10.2 கிலோ. உயரம் 82.4 செ.மீ. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவன அட்டவணைப்படி 30 மாதப் பெண் குழந்தைக்கு எடையின் கீழ் எல்லை (இரண்டு திட்ட விலக்கம் கீழே) 10.0 கிலோ. அதனால் எடை அட்டையில் இவள் "இயல்பு" வண்ணத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு மாதமும் எடை போட்டும் யார் கண்ணிலும் படவில்லை. உயரத்தின் கீழ் எல்லை 83.6 செ.மீ. உயரத்தில் இவள் குட்டை. நாள்பட்ட குறைபாடு எடையில் மறைந்துகொண்டு உயரத்தில் வெளிப்படும்.

குடியாத்தம் இருக்கும் வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரை உயரத்தை அலட்சியப்படுத்த முடியாது. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் பிறப்புத் தொகுப்பு ஆய்வில் வேலூர் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளும் ஒரு களம். அங்கே பிறந்தது முதல் பின்தொடர்ந்த பிள்ளைகளில், சிறு வயதில் குட்டையாகிப் போனவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் பள்ளி வயதிலும் குறைவாக இருந்தது.

பரிசோதித்தவர்கள் திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கமே முடிந்துவிடும் செயல்களில் எது வரவில்லை என்று பார்ப்பது முறை. நடை, ஓட்டம், படியேறுதல் எல்லாம் சரி. மொழிப் பகுதியில்தான் இடைவெளி. சொந்தமாகச் சொல்லும் சொற்கள் ஒன்பது: அம்மா, தாத்தா, தண்ணிக்கு "தன்னி", பால், வா, இல்ல, இன்னும் மூன்று. இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. பெயர் சொன்னால் திரும்புகிறாள், கண்ணைப் பார்க்கிறாள், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாள், "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறாள். ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலில் ஐயத்துக்கு இடமில்லை.

ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதுக்கு 11க்குக் குறைந்தால் சோகை. 7க்கும் 10க்கும் இடையில் நடுத்தரச் சோகை. செவிப் பரிசோதனையில் வலது நடுக்காதில் நீர் கோத்திருந்தது, உள்காது நலம். பேச்சு வரவில்லை என்று வரும் எந்தக் குழந்தைக்கும் காதைப் பார்க்காமல் அடுத்த வரியை எழுதக் கூடாது.

வீட்டில் பார்த்தவை

மருத்துவமனையில் கிடைக்காத பாதி விவரம் வீட்டில்தான் கிடைத்தது. சந்தையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்ப-ஈரப்பதமானி ஒன்றைக் குழந்தை படுக்கும் பாயிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரைத் தொடாமல் தொங்கவிட்டார்கள். சுவரில் ஒட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். பெரியவர்களின் தலை உயரத்தில் மாட்டினால் கூரையடிக் காற்றைக் காட்டும். ஜூலைப் பிற்பகல் 2 மணிக்கு வெளி நிழலில் 35.5 டிகிரி, பாய் மேல் 38. இரவு 11 மணிக்கு வெளியே 28.5, உள்ளே 32.5. இது கத்திரி முடிந்து ஆறு வாரம் கழித்து எடுத்த அளவு.

ஆனால் அறையில் ஃபேன் இருந்தது, ஓடும் நிலையில். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அது நின்றே கிடந்தது. காரணத்தை அம்மா சொன்னார்: "ஃபேன் போட்டா தூளெல்லாம் பறந்துடும் டீச்சர். தூள் கொறஞ்சா கடைக்காரர் பீடியைக் கழிச்சிடுவார்." நாளைக்கு ஏறக்குறைய எழுநூறு பீடி. இலை நறுக்குவது, தூள் வைத்துச் சுருட்டுவது, மடித்து நூல் கட்டுவது என்று குனிந்த தலை நிமிராத வேலை. அங்கன்வாடியில் சேரும் வரை அந்த ஏழு மணி நேரமும் குழந்தை அதே அறையில் இருந்தாள். புழுக்கத்தில் அழுதால் கையில் போன். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கார்ட்டூன் ஓடியது, பெரும்பாலும் தமிழல்லாத மொழியில்.

தூக்கம் இரவு 11.30க்கு மேல்தான். நடுவில் வியர்த்து இரண்டு மூன்று முறை எழுவாள். காலை ஆறு மணிக்கு விழிப்பு. பகலில் தகிப்பில் தூங்க முடியாது. இந்த வயதுக்கு 24 மணி நேரத்தில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவளுக்குக் கிடைத்தது எட்டுக்கும் குறைவு. தண்ணீர், நகராட்சிக் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை பிடித்து பிளாஸ்டிக் டிரம்மில் சேமித்தது. சொம்போடு கையையும் உள்ளே விட்டு முகந்தார்கள்.

காரணத்தை எப்படி எழுதினார்கள்

"வெயிலால் பேச்சு வரவில்லை" என்று எழுதினால் பொய். வெயிலைக் குறிப்பிடாமல் "சோகை, ஊட்டக்குறை" என்று மட்டும் எழுதினாலும் பொய்தான். வானிலை குழந்தையின் மூளைக்குப் பெரும்பாலும் நேராகப் போவதில்லை; வயிறு, இரத்தம், தூக்கம், தாயின் நேரம் ஆகிய நான்கு வாசல் வழியாக நுழைகிறது. வெள்ளம் புட்டியைக் கொண்டுவந்தது, புட்டி வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது, அது உயரத்தையும் இரும்புச் சத்தையும் தின்றது. வெப்பம் பசியையும் தூக்கத்தையும் கெடுத்தது. புழுக்கமும் பீடி வேலையும் சேர்ந்து, அம்மா குழந்தையோடு பேசும் நேரத்தைப் பறித்துப் போனிடம் கொடுத்தன. சிறு குழந்தைகள் இதில் பெரியவர்களைவிட எளிதாக மாட்டிக்கொள்வார்கள்: எடைக்கு ஒப்பிடத் தோல் பரப்பு அதிகம், வியர்த்துக் குளிரும் திறன் குறைவு, தாகத்தைச் சொல்லத் தெரியாது, நிழலுக்குத் தானாக நகரவும் முடியாது.

காம்பியா, ஜார்ஜியா, மடகாஸ்கர், மலாவி, சியரா லியோன், பாலஸ்தீனம் ஆகிய ஆறு இடங்களில் மூன்று, நான்கு வயதுடைய 19,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை வெப்பநிலைப் பதிவோடு பொருத்திப் பார்த்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. கூடுதல் வெப்பத்தில் வளர்ந்தவர்கள் எழுத்து, எண் அறிமுகத்தில் பின்தங்கினார்கள். வசதி குறைந்த, நல்ல தண்ணீர் இல்லாத வீடுகளில் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

குழப்பும் காரணிகளையும் அதே தாளில் எழுதினார்கள்: பிறப்பு எடை, கர்ப்பத்திலும் பிறகும் புகையிலைத் தூள், பெருந்தொற்றுக் காலத்தில் அங்கன்வாடி மூடிக் கிடந்தது. ஒரே ஒரு குழந்தையை வைத்து இவற்றைப் பிரித்து எடை போட முடியாது. எந்த வாசலை இப்போது சாத்த முடியும் என்பதை முடிவு செய்ய அந்தப் பிரிப்பு தேவைப்படவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் இரத்தம். இரும்பு, நாளொன்றுக்கு கிலோவுக்கு 3 மி.கி. 10.2 கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.கி. அரசு வழங்கும் சிரப்பில் 1 மி.லி.க்கு 20 மி.கி. தனிம இரும்பு, எனவே 1.5 மி.லி. வெளியில் வாங்கும் சிரப்புகளின் அடர்த்தி வேறுபடும். ஸ்பூன் கணக்கில் சொன்னால் தவறு நிச்சயம், லேபிளைப் படித்தே அளவு சொல்ல வேண்டும். பால், டீயோடு கொடுக்கக் கூடாது. சில துளி எலுமிச்சைச் சாற்றோடு, சாப்பாட்டுக்கு இடையில். பல்லில் கறை படியாமல் இருக்க நாக்கின் பின்பக்கம் விட வேண்டும். ஆகஸ்ட் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மி.கி. நசுக்கிக் கொடுக்கப்பட்டது.

பத்தாம் நாள் மருந்து நின்றுவிட்டது. மலம் கறுப்பாகப் போனதும், "டானிக் சூடு, இந்த வெயிலுக்கு ஆகாது" என்று பாட்டி நிறுத்திவிட்டார். இது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. பாட்டியிடம் வாதம் செய்யவில்லை. மலம் கறுப்பது மருந்து வெளியேறும் அடையாளம் என்று சொல்லி, மருந்து கொடுத்த பிறகு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8, மூன்றாம் மாத முடிவில் 11.4. அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை 1 மி.லி. தடுப்பு அளவு.

காதில் உடனடியாக எதுவும் செய்யவில்லை. நடுக்காது நீர் மூன்று மாதத்தில் தானே வற்றும் வாய்ப்பு அதிகம். மறுபரிசோதனைக்கு அக்டோபரில் நாள் குறித்தார்கள். வற்றியிருந்தது.

தண்ணீருக்கு மூடியும் குழாயும் உள்ள 20 லிட்டர் பாத்திரம். கை உள்ளே போகாமல் இருப்பதே நோக்கம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைப்பது, ஒவ்வொரு தடவைக்கும் 100 முதல் 200 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, ஜிங்க் 20 மி.கி. பதினான்கு நாள். போக்கு நின்றதும் மூன்றாம் நாளே ஜிங்க்கை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பதினான்கு மாத்திரையையும் காலண்டர் தேதிகளின் மேல் ஒட்டிக் கொடுத்தார்கள்.

பேச்சுக்கு, "குழந்தையோடு அதிகம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது வீண். எழுநூறு பீடி சுற்றும் பெண்ணிடம் அதற்கு நேரம் இல்லை. ஏற்கெனவே கை ஓய்ந்திருக்கும் மூன்று பொழுதுகளை அவரோடு உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: காலையில் குளிப்பாட்டும்போது, மதியம் ஊட்டும்போது, மாலை தூள் தட்டை எடுத்து வைத்து ஃபேன் போட்டபின். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். அதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழந்தை சொல்வதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது. அவள் "தன்னி" என்றால் அம்மா "சில்லு தண்ணி". "பால்" என்றால் "பாப்பாவுக்குப் பால்". சொல்லிவிட்டு ஐந்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எல்லாருக்கும் கடினம். போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. அங்கன்வாடிக்குப் போனதால் பகல்நேரப் போன் பெரும்பகுதி தானாகவே குறைந்தது. பீடிக் கட்டுகளை எண்ணிக் காட்டி எண் கற்பிக்கலாமே என்று ஒருவர் சொன்ன யோசனை கைவிடப்பட்டது. தூள் இருக்கும் இடத்துக்குக் குழந்தையை நாமே இழுக்கக் கூடாது. புளியங்கொட்டை போதும், வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால்.

கூரை

இதற்கு ஆன செலவு குறைவு, பிழைகள் அதிகம், அதனால் விரிவாக.

கூரைப் பரப்பு ஏறக்குறைய 200 சதுர அடி. 10 கிலோ சுண்ணாம்பை 20 லிட்டர் நீரில் முந்தின இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 2 கிலோ வெள்ளைச் சிமெண்டும் அரை லிட்டர் ஃபெவிக்காலும் கலந்து இரண்டு பூச்சு. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிக்கும். பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

2024 பிப்ரவரியில் அடித்த முதல் பூச்சு பத்தே நாளில் செதிலாக உரிந்தது. பாசியும் தூசியும் மேலேயே இருந்ததும், மதிய வெயிலில் சுடும் ஷீட் மேல் அடித்ததும் காரணம். சுண்ணாம்பு பிடிப்பதற்குள் நீர் ஆவியாகிவிட்டது. மறுமுறை ஷீட்டை நன்றாக நனைத்து, ஈரத்தோடு தேங்காய் நார்த் துடைப்பத்தால் தேய்த்தார்கள். பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். உலர்ந்தபடி சுரண்டினால் அந்த இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். மாலை ஐந்து மணிக்கு முதல் பூச்சு, மறுநாள் விடியலில் இரண்டாவது. ஆள் ஷீட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. போல்ட் போட்ட சட்டத்தின் மேல் பலகை போட்டு அதில் நின்று அடிக்க வேண்டும்.

வெப்பமானியைப் பக்கத்து வீட்டிலும் ஒன்று மாட்டினார்கள். அதே ஷீட், அதே உயரம், பூச்சு இல்லை. மே மாதத்தில் வெளியே 41 இருந்த ஒரு பிற்பகலில் அங்கே 44, இங்கே 41.5. இரவு 11 மணிக்கு வேறுபாடு ஒரு டிகிரிதான், ஏனென்றால் இரவில் சூட்டைக் கக்குவது செங்கல் சுவர். ஆகவே பூச்சு பகலுக்கு உதவும், தூக்கத்துக்குப் போதாது. மேற்குச் சுவரை மறைத்துத் தென்னங்கீற்றுத் தட்டி, கொசுவலையோடு வாசலில் படுக்கை, மாலையில் குழந்தைக்கு ஒரு குளியல்: தூக்கம் பத்து மணிக்கு முன்னேறியது இவற்றால்தான்.

2024 கோடையும் அதன்பின்னும்

மூன்று வயதில், 2024 ஜனவரியில், இரண்டு சொல் வாக்கியங்கள் வந்திருந்தன. ஏப்ரலில் மூன்று சொல். மே மாதத்தில் அங்கன்வாடி விடுமுறை விட்டதும் முன்னேற்றம் நின்றது. வேலூரில் 41, 42 டிகிரியைத் தாண்டிய நாட்கள் தொடர்ந்தன. குழந்தையின் எடை 300 கிராம் இறங்கியது, புதிய சொற்கள் வரவில்லை, போன் திரும்பி வந்தது. சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அந்த வெயிலில் சூடான கஞ்சியை அவள் தொடவில்லை. வேகவைத்து ஆறவிட்டு மோரில் கரைத்தபின் குடித்தாள். ஜூலைக்குள் இழந்த எடை திரும்பியது. சொற்கள் திரும்ப ஆகஸ்ட் ஆனது.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை. குழந்தை இயல்பாக இருந்தாள். அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தார். மழை என்றாலே 2021 முதல் இப்படித்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனச்சோர்வுக்கான கேள்விகளை முறையாகக் கேட்டபோது ஆலோசனை தேவைப்படும் அளவில் விடை வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிப்புயல் வீசியபோது கர்ப்பமாக இருந்த தாய்மார்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், தாய் அனுபவித்த இடர் கடுமையாக இருந்த பிள்ளைகளின் மொழியும் அறிவுத்திறனும் இரண்டு வயதிலும் ஐந்தரை வயதிலும் குறைந்திருந்தன. பேரிடர் கணக்கில் தாயின் பக்கத்துக்கும் ஒரு வரி வேண்டும் என்பதற்கு அதுவே போதிய காரணம்.

நான்கு வயதில்

2025 ஜனவரி மதிப்பீடு: முழு வாக்கியத்தில் பேசுகிறாள், அந்நியருக்கும் பெரும்பாலும் புரிகிறது. ஐந்து வரை பொருளைத் தொட்டு எண்ணுகிறாள். மூன்று நிறங்கள் தெரியும். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதிலும், ஒரு வேலையை நடுவில் விடாமல் முடிப்பதிலும் வயதுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பின்தங்கியிருக்கிறாள். ஓராண்டில் வயிற்றுப்போக்கு ஒரு முறை. உயரம் இன்னமும் கீழ் எல்லைக்குக் கீழேதான். இடைவெளி சற்றுக் குறைந்திருக்கிறது, மூடவில்லை. முதல் இரண்டு ஆண்டில் போன உயரத்தை மூன்றாம் வயதுக்குமேல் முழுமையாக மீட்பது அரிது. குடும்பத்திடம் அதை மறைக்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

தாயின் மனநிலையைப் பதினேழு மாதம் கழித்து மழை காட்டிக்கொடுக்கும் வரை விடக் கூடாது. முதல் சந்திப்பிலேயே அந்தக் கேள்விகள் வர வேண்டும். முகாமில் தாய்ப்பாலுக்கு ஒரு மறைவிடம், ஒரு சேலைத் திரையாவது, முதல் நாளே கட்டப்பட வேண்டும். பால் பவுடர் நன்கொடையைக் கேட்காத தாய்க்குக் கொடுக்கக் கூடாது. புட்டிக்குப் பதில் கிண்ணமும் கரண்டியும்.

மால்-எட் ஆய்வில் வேலூர்க் குழந்தைகள் கணிசமானோரின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்திருந்தது. சோகையுள்ள குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இவளுக்கு அந்தச் சோதனை செய்யப்படவில்லை. சோகையும் பேச்சுத் தாமதமும் சேர்ந்து வரும் குழந்தைக்கு இனி கேட்க வேண்டிய சோதனை அது.

தாய்-சேய் அட்டையில் வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் கட்டம் இல்லை. ஓரத்தில் நான்கு விவரம் எழுதினால் போதும்: எந்த மாத வயதில், எத்தனை நாள் வீட்டை விட்டு இருந்தார்கள், புட்டி எப்போது தொடங்கியது, இப்போதைய கூரை என்ன.

மே விடுமுறைக்கு முந்தின வாரமே எடை, உயரம், சொற்களின் பட்டியலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஜூனில் எவ்வளவு இறங்கியது என்று சொல்ல அடிப்படை இருக்காது. விடுமுறையில் வாரம் ஒரு முறை, காலை ஒன்பது மணிக்குள், வீட்டு வருகை. மழை கழுவிய சுண்ணாம்பை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பிப்ரவரிக் கடைசி வாரத்துக்குள் அடித்தால்தான் ஏப்ரலுக்குப் பயன்படும்.